பள்ளிக்கூடமும் நாடகக் கொட்டகையும்

பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. பிற்பகல் முதல் மணி. ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கடைசிப் பலகையில் ஒரு பையன் மேஜைமேல் தலையைச் சாய்த்து நிம்மதியாக உறங்கிக் கொண்டிருந்தான்.

அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. நான்கு அடிச் செய்யுளை நான்கு நாட்களானாலும் அவன் ஒப்பிக்க மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான்; தரையைப் பார்ப்பான்; உட்காரச் சொல்லும் வரையில் அப்படியே நிற்பான். 'ஞாபகசக்தி இல்லாதவன்' என்று பதிவேட்டில் எழுதாத குறையாக என் மனத்தில் எழுதி வைத்திருந்தேன்.

தட்டி எழுப்பி, "ராத்திரி முழுவதும் என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"கூத்துக்குப் போயிருந்தான், ஸார்!" என்று முன் பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு முழுதும் சிரித்தது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல். அங்கே விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம். பையனுடைய தகப்பனார் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அவரோடு இவனும் போய், மேடை ஓரத்தில் உட்கார்ந்து இரவு முழுவதும் விழித்திருக்கிறான்.

"சரி, என் பாடந்தான் உனக்கு ஏறவில்லை, கூத்தில் கேட்ட பாடத்தையாவது சொல்லு, பார்ப்போம்" என்றேன். பரிகாசமாகத்தான் சொன்னேன். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது என் கடமை.

பையன் வழக்கம் போல் சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியோடு தர்க்கம் செய்யும் கட்டத்தைத் தொடங்கினான். நாரதராக ஒரு குரல், வள்ளியாக மற்றொரு குரல். பாட்டு வந்த இடத்தில் பாடினான்; வசனம் வந்த இடத்தில் பேசினான். எதுகை தவறவில்லை, மோனை சிதறவில்லை, ழகரம் ழகரமாகவே ஒலித்தது. கால் மணி நேரம் இப்படி நடந்தது. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகையில் ஒரு கேள்வி என்னை உறுத்திக் கொண்டே வந்தது. இத்தனை ஞாபகசக்தியும் இத்தனை மாதங்களாக என் வகுப்பில் எங்கே ஒளிந்து கொண்டிருந்தது?

சில தினங்கள் கழித்து அவன் தகப்பனாரைச் சந்தித்தேன். பையனிடம் அபூர்வமான வித்தை இருக்கிறதென்றும், அதை வளர்க்க வேண்டுமென்றும் சொன்னேன். அவர் கை கூப்பிவிட்டார்.

"ஸார், அவனுக்கு அந்த ஆசையை மட்டும் மூட்டி விட்டுடாதீங்க. இந்தப் பிழைப்பு என்னோட போகட்டும். பங்குனி, சித்திரை, வைகாசியில அடுப்பு எரியும். ஐப்பசி, கார்த்திகையில ஆர்மோனியப் பெட்டி அடகுக் கடையில இருக்கும். அவனாவது நாலு எழுத்துப் படிச்சு ஒரு உத்தியோகத்துக்குப் போகட்டும், ஸார்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதும் நியாயம். வகுப்பில் நான் கண்டதும் பிரத்தியட்சம். கலையா, படிப்பா என்று கேட்டால் எந்தத் தகப்பனார்தாம் கலையென்று சொல்வார்? ஆனால் அந்தக் கேள்வியே பிசகான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவருக்குச் சொல்லத் தவறிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொட்டகையே பள்ளிக்கூடம்

அந்தப் பையன் நூறு வருஷங்களுக்கு முன் பிறந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இராது. அவனை யாராவது 'பாய்ஸ் கம்பெனி'யில் கொண்டு போய்ச் சேர்த்திருப்பார்கள். அத்தகைய பாலர் நாடக சபைகளுக்குத் தாய்வீடாக விளங்கியது நமது மதுரை மாநகரமே.

1918-ஆம் வருஷத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் சபையை நிறுவினார். சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். இளமையில் எமன், சனீசுவரன் முதலிய பயங்கர வேடங்களைத் தாங்கிப் பெயர் பெற்றார். பிறகு வேடத்தைக் கலைத்துவிட்டு, நாடகம் எழுதுவதையும் சொல்லிக் கொடுப்பதையுமே தம் வாழ்வாகக் கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்களை அறியாத கிராமம் நமது பக்கத்தில் இல்லை. பெரியவர்களைக் கொண்ட கம்பெனிகளில் ஒழுங்கைக் காப்பது அரிதாயிருந்தது. ஆகவே சிறுவர்களைச் சேர்த்து, முதலிலிருந்தே பயிற்றுவிப்பதென்று அவர் தீர்மானித்தார்.

அந்த 1918-லேயே தி. க. சண்முகம் என்னும் ஆறு வயதுப் பாலகன் தன் தமையன்மாருடன் அந்தச் சபையில் வந்து சேர்ந்தான். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தில் நடித்து 'ஔவை சண்முகம்' என்று நாடு போற்றிய பெரியவர் இந்தப் பாலகன்தான். இவனுக்கு முக்கிய வேடம் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' என்னும் முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி.

உபாத்தியாயர்களாகிய நாம் இந்தச் செய்தியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சுவாமிகள் மாணாக்கனைப் பார்த்தார்; அவனுக்கு ஏற்ற பாடத்தை எழுதினார். நாமோ பாடத்தைக் கையில் வைத்துக் கொண்டு, அதற்கு ஏற்ற மாணாக்கனைத் தேடுகிறோம். அகப்படாதவனைக் கடைசிப் பலகைக்கு அனுப்பி விடுகிறோம்.

கம்பெனியில் பிள்ளைகள் கற்றது என்ன? முதலாவது, மொழி. சுவாமிகளுடைய வசனங்களில் குறளும் நீதிநூல்களும் பழமொழிகளும் கலந்திருக்கும். அவற்றைப் பொருளறிந்து, நிறுத்தி, பதம் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, குரல். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் விழ வேண்டும். மூன்றாவது, பிறர் பேசுவதைக் கேட்கும் பொறுமை. எதிரே நிற்பவன் முடிக்கும் சொல்லைக் கவனித்தால்தான் தன் சொல்லைத் தொடங்க முடியும். நான்காவது, அடக்கம். இன்றைக்கு ராஜபார்ட், நாளைக்கு வாயில் காப்போன். இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்ய வேண்டும். பல ஊர், பல குலத்துப் பிள்ளைகள் ஒரே வீட்டில் தங்கி, ஒருவன் தவறினால் மற்றவன் தாங்கிக் கொள்ளப் பழகினார்கள்.

இந்தப் பயிற்சியின் பலனை நாடு கண்டது. சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். 1925-இல் சண்முகம் சகோதரர்கள் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா'வைத் தொடங்கினார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது அங்கேதான். 'மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி'யில் சிறுவனாகச் சேர்ந்த எம். ஜி. ராமச்சந்திரன் 1977-இல் இந்த மாநிலத்தின் முதலமைச்சரானார். சிவாஜி கணேசனுக்கும் முதல் மேடை ஒரு பாலர் சபையே.

மறு பக்கம்

ஆனால் நாணயத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கம்பெனிக்கு அனுப்பியது கலையார்வம் அன்று, பசி. வீட்டில் ஒரு வாய் குறையும், கம்பெனியில் ஒரு வேளைச் சோறு கிடைக்கும் என்பதுதான் பெற்றோரின் கணக்கு. ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் தாயைப் பிரிந்து, ஊர் ஊராகத் திரிந்து, இரவெல்லாம் விழித்து நடித்தார்கள். பாடம் தவறினால் பிரம்படி உண்டு. பள்ளிக்கூடத்தின் வாசலை அவர்கள் மிதித்தது சொற்பம். பிற்காலத்தில் முதலமைச்சரானவருக்கே பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்று போயிற்று.

இவை எல்லாவற்றையும் விடக் கொடியது ஒன்று உண்டு. நாடக உலகத்தில் அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். பையனுக்கு மீசை அரும்பும் வயதில் குரல் உடையும். நேற்று வரையில் உச்ச ஸ்தாயியில் பாடிக் கைதட்டல் வாங்கியவன், இன்று வாய் திறந்தால் கரகரவென்று சத்தம் வரும். அவனுடைய வேடத்துக்கு வேறொரு சிறுவன் வந்து விடுவான். அதிருஷ்டம் உள்ள சிலர் நடிப்பினாலும் வேறு திறமையினாலும் தப்பினார்கள். மற்றவர்கள்? படிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. பதினான்கு பதினைந்து வயதில் தெருவில் நிற்க வேண்டியதுதான். பெயர் பெற்ற சிலரைச் சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. தெருவில் நின்ற பலருக்குச் சரித்திரத்தில் இடம் இல்லை.

பெண் குழந்தைகளுக்கோ பாய்ஸ் கம்பெனியில் இடமே கிடையாது. அவர்கள் போட வேண்டிய வேடத்தையும் பையன்களே போட்டார்கள்.

ஆகவே ஆர்மோனியக்காரரின் அச்சம் வீண் அச்சம் அன்று. நூறு வருஷத்து அநுபவம் அவர் வாயிலாகப் பேசிற்று.

தேசமும் குழந்தையும்

இந்த மேடையினால் தேசத்துக்கு நேர்ந்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று கொண்டே சுதந்திரப் பாட்டுப் பாடுவார். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டுவது பழைய கதை. விஸ்வநாததாஸோ நாட்டு விளைச்சலைக் கொத்தித் தின்னும் வெள்ளைக் கொக்கை ஓட்டினார்! எந்தக் கொக்கு என்று ஜனங்களுக்குத் தெரியும், போலீஸாருக்கும் தெரியும். பல முறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார். எழுத்தறியாத லட்சக்கணக்கான ஜனங்களுக்குச் சுயராஜ்யம் என்ற சொல்லின் பொருளைக் கற்பித்தவர்கள் இவரைப் போன்ற நாடக வாத்தியார்கள்தாம்.

பெரியவர்களுக்கு மேடை இவ்வளவு செய்தது என்றால், வளரும் பிள்ளைகளுக்கு அது என்னதான் செய்யாது? இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் கவி ரவீந்திரநாதர். 1901-இல் சாந்திநிகேதனத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியவர், பிள்ளைகள் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதி, தாமும் அவர்களோடு நடித்தார். அவருடைய 'தபால் நிலையம்' நாடகத்தில் நோயுற்ற அமல் என்னும் சிறுவன் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். ஜன்னல் வழியே உலகத்தைப் பார்த்து, அரசனிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வருமென்று காத்திருக்கிறான்.

இந்தச் சிறு நாடகம் வங்காளத்திலிருந்து வெகு தூரம் பிரயாணம் செய்தது. போலந்து தேசத்துத் தலைநகரமாகிய வார்ஸாவில், நாஜிகள் யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்திருந்த காலம். அங்கே யானுஷ் கோர்ச்சாக் என்னும் வைத்தியர் அநாதைக் குழந்தைகளின் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். ரொட்டிக்கே பஞ்சம், நாளைக்கு உயிரோடு இருப்போமா என்பது நிச்சயம் இல்லை. 1942 ஜூலை 18-ஆம் தேதி அவருடைய குழந்தைகள் ரவீந்திரரின் இந்த நாடகத்தை நடித்தார்கள். மூன்று வாரங்கூட ஆகவில்லை. ஏறத்தாழ 200 குழந்தைகளையும் ட்ரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்துக்குக் கொண்டு போனார்கள். தப்புவதற்கு வாய்ப்பிருந்தும் வைத்தியர் குழந்தைகளைப் பிரிய மறுத்து உடன் சென்றார்.

அந்தக் குழந்தைகளுக்குப் பரீட்சை இல்லை, உத்தியோகம் இல்லை, எதிர்காலமே இல்லை. ஆயினும் அவர்களுக்கு நாடகம் வேண்டும் என்று அவர்களை வளர்த்தவர் நினைத்தார். கலை என்பது வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லும் போதெல்லாம் எனக்கு அந்த ஜூலை மாதத்து மாலைதான் நினைவுக்கு வருகிறது.

நம் மகாத்மாவும் இந்த உண்மையைத் தம் வழியில் கண்டார். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்துக் குழந்தைக்குக் கல்வி தர வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி வகுத்த ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்தில் தாய்மொழி, கணக்கு முதலியவற்றோடு சித்திரமும் சங்கீதமும் சேர்ந்தே இடம் பெற்றன. அவை ஓய்வு நேரத்துப் பாடங்கள் அல்ல, பாடத்திட்டத்தின் அங்கங்கள். நமது ஜில்லாவிலேயே தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தோன்றிய காந்தி நிகேதனமும், திண்டுக்கல்லை அடுத்து 1947-இல் தோன்றிய காந்திகிராமமும் இந்த நோக்கத்தோடு எழுந்த ஸ்தாபனங்களே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1953-இல் சென்னை ராஜ்யத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் செலவிடும்படி ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதை மறக்கலாகாது. ஆர்மோனியக்காரர் மகன் ஆர்மோனியமும், குயவர் மகன் மண்பாண்டமும், வக்கீல் மகன் புத்தகமும் கற்பதற்குப் பெயர் கலைக்கல்வி அன்று. வக்கீல் மகன் மண்ணைப் பிசையவும், ஆர்மோனியக்காரர் மகன் சட்டம் படிக்கவும் வழி செய்வதே கலைக்கல்வி.

கடன் வாங்கிய மணிகள்

இன்று நமது பள்ளிக்கூடங்களில் நிலைமை என்ன? பாய்ஸ் கம்பெனி கலையைக் கொடுத்துப் படிப்பைப் பறித்தது. நாம் படிப்பைக் கொடுத்துக் கலையைப் பறிக்கிறோம். இரண்டிலும் பாதிக் குழந்தைதான் வளர்கிறது.

கால அட்டவணையில் சித்திரத்துக்கும் பாட்டுக்கும் மணி உண்டு. தை மாதம் பிறந்தால் அந்த மணியைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்குவார். மாசியில் விஞ்ஞான உபாத்தியாயர் வாங்குவார். நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த உபாத்தியாயரை இதுவரையில் கண்டதில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குச் சித்திரம், சங்கீதம், தையல், தேகப்பயிற்சி முதலியவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப் பெற்றார்கள். ஆனால் தொடக்கத்தில் கொடுத்த சம்பளம் மாதம் ரூ. 5,000. அந்தத் தொகையைக் கேட்ட மாத்திரத்தில், சித்திரத்துக்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு எவ்வளவு என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டு விடுவார்கள். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் 'கலைத் திருவிழா' நடைபெறுகிறது. கிராமத்துக் குழந்தைகள் பறையும் கரகமும் நாடகமுமாக மேடையேறுவதைக் கண்டு மகிழாதவர் யார்? எனினும் அது போட்டி. ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர் ஆடுவர், பாடத் தெரிந்தவர் பாடுவர், பரிசு வாங்குவர். கடைசிப் பலகைப் பையன் கைதட்டுவான்.

போட்டி வேறு, கல்வி வேறு. கணக்கில் கெட்டிக்காரனுக்கு மட்டுமா கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? கலையும் அப்படித்தான். பாட வராதவனுக்குப் பாட்டும், பேச வராதவனுக்கு நாடகமும் மிகுதியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கடைசி மணி

அந்தப் பையனுக்கு வள்ளி தர்க்கம் மனத்தில் பதிந்ததும் என் செய்யுள் பதியாததும் ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தர்க்கத்தில் ஒருவர் மற்றொருவரிடம் பேசுகிறார், பேசுவதற்குக் காரணம் இருக்கிறது, ராகம் இருக்கிறது, கேட்பவருக்குக் கோபம் வருகிறது அல்லது சிரிப்பு வருகிறது. என் செய்யுளோ புத்தகத்தில் அநாதையாக நின்றது. யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று நான் காட்டவே இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமைக் கடைசி மணியை நாடகத்துக்குக் கேட்டேன். வகுப்போ இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வு வருஷம். உடன் பணியாற்றும் நண்பர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காலாண்டுத் தேர்வு வரையில் நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் அநுமதி கொடுத்தார்.

விதிகள் மூன்றே. பரிசு கிடையாது. வேஷம் கிடையாது. வேடம் இல்லாதவர் ஒருவரும் கிடையாது. வசனத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்தது நமது ஊரிலேயே நடந்த கதையாயிற்றே; அதையே எடுத்துக் கொண்டோம். வகுப்பில் பாதிப் பேர் கண்ணகி பக்கம், பாதிப் பேர் பாண்டியன் பக்கம்.

முதல் இரண்டு வாரமும் அவர்கள் எழுதியவை எல்லாம் சினிமா வசனங்கள். கண்ணகி சவால் விட்டாள். பாண்டியன் விரலைச் சொடுக்கினான். எனக்கு மனம் சோர்ந்து போயிற்று. மூன்றாம் வாரம் ஒரு பெண், "என் சிலம்பைப் பார்த்த அரசே, என் புருஷன் முகத்தைப் பார்த்தீரா?" என்று எழுதிக் கொண்டு வந்தாள். அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் சினிமா வசனம் எழுதவில்லை. படைக்கும் சக்தி என்பது இதுதான். வானத்திலிருந்து விழுவதன்று, பிறர் சொல் தீர்ந்து போன இடத்தில் தன் சொல் பிறப்பது.

நம் கடைசிப் பலகைப் பையன் பாண்டியன் கட்சி. அரசன் சார்பாகப் பேச நியாயங்களைத் தேடிக் கொண்டிருந்தவன், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "ஸார், கோவலனை ஏன் யாருமே விசாரிக்கவில்லை? பொற்கொல்லன் ஒருவன் சொன்னால் போதுமா?" என்று கேட்டான். ஒன்றரை வருஷத்தில் அவன் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. விசாரியாமல் தண்டிக்கலாகாது என்பதை ஒரு சிறுவன் தானே கண்டு கேட்டான் என்றால், சுதந்திர நாட்டுப் பிரஜைக்கு வேறு என்ன கல்வி வேண்டும்? விசாரியாமலே அவனை 'ஞாபகசக்தி இல்லாதவன்' என்று தீர்ப்பளித்த அரசன் ஒருவன் எதிரே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. கணக்கு அவனுக்கு இன்னமும் கஷ்டந்தான். பத்தாம் வகுப்பில் தேறினான். பிரமாதமான மதிப்பெண் அன்று. நாடகத்தினால் தேறினான் என்றும் சொல்ல மாட்டேன். நாடகத்தினால் கெடவில்லை என்பது மட்டும் நிச்சயம். காலாண்டுத் தேர்வு கழிந்த பின்பும் வெள்ளிக்கிழமைக் கடைசி மணியை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

தகப்பனாருக்குப் பதில்

அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் வழக்குக் காட்சியை நடித்துக் கொண்டிருந்தார்கள். வராந்தாவில் யாரோ நிற்பதைக் கண்டு எட்டிப் பார்த்தேன். ஆர்மோனியக்காரர்! உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்று கேட்டார். முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

கோபித்துக் கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "ஸார், சுருதி அரைக் கட்டை ஏறிப் போச்சு. பையனுக்குக் குரல் உடைகிற வயசு. இப்ப உச்சத்துல பாட விடாதீங்க. தொண்டை கெட்டுப் போகும். கொஞ்ச நாளைக்கு வசனம் மட்டும் பேசட்டும்" என்றார்.

அவருக்கு நான் சொல்லத் தவறிய பதிலை அவரே சொல்லிவிட்டார். கம்பெனியில் மகரக்கட்டு வந்தால் பையன் வெளியே போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வந்தால் வேடம் மட்டுமே மாறும். பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டாம், ஐயா. கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருவோம். அதை நம்பி அவன் பிழைக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு அவன் வளர்ந்தால் போதும். பிறகு அவன் எந்த உத்தியோகத்துக்குப் போனாலும், நிமிர்ந்து நின்று பேசவும், பிறர் பேசுவதைக் கேட்கவும், விசாரிக்கவும் தெரிந்தவனாகப் போவான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வந்தார். இந்தத் தடவை படியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். பெட்டி இல்லை, கார்த்திகை மாதம் அல்லவா, அது எங்கே இருக்கிறதென்று இருவருக்கும் தெரியும். வெறுங்கையால் தாளம் போட்டே பிள்ளைகளுக்கு ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். தை பிறக்கும் வரையில் ஒரு வாரமும் தவறவில்லை. அவருக்குக் கொடுப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு காசுக்கும் வழி இல்லை. அது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேயர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பங்குனியில் தொடங்குகிற நாடகக் காலம் ஆடியோடு ஓய்ந்து விடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் நடிகர்களும் வாத்தியக்காரர்களும் கை ஓய்ந்து கிடக்கிறார்கள். அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடம் முழு மூச்சில் நடக்கிறது. கற்பிக்க வல்லவர் வேலையின்றி ஊரில் இருக்க, கற்க வேண்டிய குழந்தைகள் அதே ஊரில் சித்திர மணியையும் பாட்டு மணியையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இருவரையும் ஒரு கூரையின் கீழ்க் கூட்டி வைத்து, கலைஞருக்கு மரியாதையான ஓர் ஊதியமும் கொடுப்பதற்குப் பெரிய கமிஷன் எதுவும் வேண்டியதில்லை. சர்க்கார் செய்யட்டும், அது செய்யும் வரையில் ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர் சங்கங்களும் செய்யட்டும்.

மதுரையில் தமுக்கத்தருகே சங்கரதாஸ் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. வருஷந்தோறும் மாலை போடுகிறோம். மாணாக்கனுக்காக ஓர் இரவெல்லாம் விழித்து ஒரு நாடகத்தை எழுதிய அந்த வாத்தியாருக்கு நாம் செலுத்தும் மாலை, வாரத்தில் ஒரு மணி நேரமாக இருக்கட்டும். அந்த ஒரு மணியை யாருக்கும் கடன் கொடாமல் காப்பாற்ற வேண்டியது உபாத்தியாயர்களாகிய எங்கள் பொறுப்பு. உங்கள் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்கு என்ன மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு என்ன வேடம்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அது உங்கள் பொறுப்பு.